உளவளத்துணையாளர் முன் உட்காரும்போது

மீள்குடியேற்றப் படிவங்களோடு சேர்த்து ஒரு சிறு கடிதமும் உங்கள் கைக்கு வந்திருக்கலாம். ‘உளவளத்துணைக்கு அனுப்பப்படுகிறார்’ என்று அதில் எழுதியிருக்கும். பல வீடுகளில் அந்தக் கடிதம் பங்கீட்டு அட்டைக்குள் மடித்து வைத்தபடியே கிடக்கிறது. “எங்களுக்கென்ன பைத்தியமா?” என்று கேட்பவர்களும் உண்டு. கொழும்பில் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டதால் அந்தக் கேள்வியில் வியப்பில்லை. இந்தப் பாடம் அந்தக் கடிதத்தைப் பற்றியது. போனால் எதிரே யார் இருப்பார், அவருடைய மொழியும் சமயமும் பழக்கவழக்கமும் உங்களுடையவையாக இல்லாவிட்டால் என்ன செய்வது, எதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு என்பவற்றை இங்கே சொல்லுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். அரசாங்கக் கடிதங்களில் ‘உளவளத்துணை’ என்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் ‘சீர்மியம்’ என்றும் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களுக்கு அது ‘கவுன்சிலிங்’. எல்லாம் ஒரே வேலைதான். ஒருவர் உங்களோடு தனியாக இருந்து, உங்கள் கதையைக் கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்பதை நீங்களே கண்டுபிடிக்க உதவுகிறார். அவர் குளிசை தருவதில்லை. உங்கள் வீட்டு விண்ணப்பத்தையோ நிவாரணத்தையோ முடிவு செய்வதும் அவர் இல்லை. அழுதால் உதவி கூடும், சிரித்தால் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எதிரே இருப்பவர் யார்?

கொழும்பில் இதைச் சொல்வது கடினம். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது, கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்குள். அங்கே இருக்கும் உளவளத்துணை அலுவலர் சிங்களவராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், மலையகத் தமிழராகவோ வடக்கைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். இதை வாசிக்கும் நீங்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. 1983 யூலையில் வெள்ளவத்தை வீட்டை விட்டுத் தற்காலிக முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் வடக்கே போனவர்கள் உங்களில் இருக்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், மண்டபம் முகாமில் பிறந்து இலங்கையை முதன்முறை பார்க்கும் பிள்ளைகளும் இருக்கலாம். ‘தமிழ் பேசுபவர்’ என்ற ஒரே பெட்டிக்குள் இவர்கள் எல்லோரையும் போட்டு ஒரே மாதிரி ஆறுதல் சொல்ல முடியாது. நல்ல உளவளத்துணையாளருக்கு இது தெரியும். தெரியாதவருக்கு நீங்கள்தான் தெரியப்படுத்த வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஓர் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தோடு இது சேர்க்கப்பட்டது. கருமபீடத்தில் நின்று சட்டம் பேச வேண்டிய அவசியமில்லை. “மட்ட தெமள கத்தா கரன கெனெக் ஓன” என்று மெதுவாகச் சொன்னால் போதும். ‘தமிழ் கதைக்கும் ஒருவர் எனக்கு வேண்டும்’ என்பது அதன் பொருள். பெரும்பாலும் உள்ளே இருந்து ஒருவர் எழுந்து வருவார்.

ஆனால் தமிழர் என்றால்தான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெள்ளவத்தையில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி “எந்த ஊர்?” என்பதுதான். அடுத்தது “ஆற்ற ஆக்கள்?” இந்த இரண்டு கேள்விகளுக்குள் கிராமம், சாதி, உறவு எல்லாம் வெளியே வந்துவிடும். உங்கள் ஊர்க்காரர் ஒருவரே எதிரே இருந்தால், மருமகள் பற்றியோ மகனின் குடி பற்றியோ வாய் திறக்க மனம் வராது. அதனால்தான் சிலர் சிங்களம் தெரிந்த அளவுக்குச் சிங்கள உளவளத்துணையாளரிடமே போகிறார்கள். “அவவுக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரையும் தெரியாது, அது நல்லது” என்பது அவர்களின் நியாயம், அது பிழையான நியாயம் அல்ல. “எந்த ஊர்?” என்று உளவளத்துணையாளர் கேட்டால் “அது தேவையென்றால் பிறகு சொல்கிறேன்” என்று சொல்லலாம். பெண்கள், பெண் உளவளத்துணையாளரைக் கேட்கலாம். கணவரை இழந்து இத்தா இருக்கும் முஸ்லிம் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் அலுவலகத்துக்கு வர இயலாது. அதை முன்கூட்டியே சொல்லி, வீட்டுக்கு வரவோ தொலைபேசியில் கதைக்கவோ கேளுங்கள்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம்

கொழும்பில் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை ஆறு மாதத்தில் சிங்களம் பிடித்துவிடும். கடைக்கும் பஸ்ஸுக்கும் அது பெரிய உதவி. உளவளத்துணை அறைக்குள் மட்டும் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தாய் “எனக்கு இருக்க விருப்பமில்லை” என்று சொல்வதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்ல நேர்ந்தால், அந்தப் பாரம் அன்றிலிருந்து பிள்ளையுடையது. அல்லது பிள்ளை அதைச் சொல்லாமல் விட்டுவிடும், நீங்கள் வந்த காரியமே போய்விடும். கணவர் மொழிபெயர்த்தாலும் இதே சிக்கல்தான், அதுவும் பிரச்சினை அவரைப் பற்றியதென்றால் சொல்லவே வேண்டாம். வெளியாள் ஒருவரை ஒழுங்கு செய்யும்படி கேளுங்கள். அவரிடமும் இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்று, நான் சொல்வதைச் சுருக்காமல் அப்படியே சொல்லுங்கள். மற்றது, இந்த அறையில் கேட்டது இங்கேயே நிற்கட்டும்.

இனி, நாங்கள் பயன்படுத்தும் சொற்களைப் பற்றி. எங்கள் மனத்துயர் பெரும்பாலும் உடம்பைப் பற்றிய சொல்லாகத்தான் வெளியே வரும். “நெஞ்சு எரியுது”, “தலையிடி”, “கை கால் விறைக்குது”, “பெருமூச்சு வருது”, “ஒரே யோசனை”. இதில் ‘யோசனை’யை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது இரவு இரண்டு மணிக்கும் விடாமல் சுற்றும் கவலை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘அவருக்கு ஒரு திட்டம் இருக்கிறது’ என்று ஆகிவிடும். ‘நெஞ்சு எரியுது’ என்றால் ஈ.சி.ஜி. எடுக்க அனுப்புவார்கள். அதை எடுப்பதில் குற்றமில்லை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தாமல், “இந்த எரிவு மகன் போன நாளில் இருந்து” என்ற அடுத்த வசனத்தையும் சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றி, ‘மனவடு’ என்ற நூலைத் தமிழில் எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், இந்தப் பெருமூச்சையும் உடல் நோவுகளையும் எங்கள் மக்கள் துயரைச் சொல்லும் மொழியாகவே பதிவு செய்திருக்கிறார். அவர் அழுத்திச் சொன்ன இன்னொன்றும் உண்டு. போரில் காயப்பட்டது தனித்தனி மனிதரின் மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டன. ‘உங்களுக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டால் பலர் ‘எங்களுக்கு’ என்று பதில் தொடங்குவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு சிறு எச்சரிக்கை. இங்கே ‘பேசினார்’ என்றால் ஏசினார் என்றும் பொருள். “டீச்சர் என்கிட்ட பேசினாங்க” என்று உங்கள் பிள்ளை சொன்னால், ஆசிரியை திட்டியதாக இங்குள்ளவர் விளங்கிக்கொள்ளக்கூடும். இங்கே உரையாடுவது ‘கதைப்பது’. ‘ஆமா’வுக்கு இங்கே ‘ஓம்’. பள்ளியில் பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அது சில மாதங்களில் அடங்கிவிடும். ஆனால் பிள்ளை வாயே திறக்காமல் இருக்கத் தொடங்கினால் அதைக் கேலியின் விளைவு என்று மட்டும் தள்ளிவிடாமல், வகுப்பாசிரியரிடம் போய்க் கதையுங்கள்.

2004க்குப் பிறகு கற்றது

2004 டிசெம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்துக்குப் பல நாடுகளில் இருந்து உளவளத்துணையாளர்கள் வந்தார்கள். நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஆனால் பலருக்கு மொழி தெரியாது, சில வாரங்களே நின்றார்கள், தங்கள் நாட்டில் எழுதப்பட்ட கேள்விப் பட்டியலைக் கையில் வைத்திருந்தார்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் ஆறும் என்பது அவர்களில் சிலரின் நம்பிக்கை. அமெரிக்காவில் பணியாற்றும் இலங்கை உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ இங்கே மக்களின் சொற்களைக் கேட்டு ஆராய்ந்தபோது வேறு படம் தெரிந்தது. மக்கள் தங்கள் பாதிப்பைத் தனி மனத்துக்குள் நிகழ்ந்த ஒன்றாகப் பார்க்கவில்லை. உறவுகளிலும் சமூகத்தில் தங்கள் இடத்திலும் ஏற்பட்ட முறிவாகவே சொன்னார்கள். தாயாக இருந்தவள் இப்போது யாருக்குத் தாய், மீன்பிடித்தவன் இனி என்ன செய்வான் என்பவைதான் அவர்களின் கேள்விகள். 2007இல் உலக நிவாரண அமைப்புகள் ஒன்றுசேர்ந்து அவசரகால உளசமூக உதவிக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது, உள்ளூர் மக்களின் சொந்த ஆறுதல் முறைகளுக்கு இடம் கொடுப்பதும் அதில் சேர்க்கப்பட்டது.

உங்களுக்கு இதன் பயன் என்ன? நடந்த எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. “அதைப்பற்றி இன்றைக்குக் கதைக்க ஏலாது” என்பது முழுமையான பதில். இன்றைய பிரச்சினை பள்ளி அனுமதியும் வாடகை முற்பணமும் என்றால், அங்கிருந்தே தொடங்கலாம்.

அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆதர் கிளைன்மன் 1970களின் இறுதியில், வேறு பண்பாட்டிலிருந்து வரும் நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளை எழுதினார். அவை இன்றும் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. போவதற்கு முதல்நாள் இரவு அவற்றில் நான்கைந்தை நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் துன்பத்துக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது? இதில் உங்களை மிகவும் பயப்படுத்துவது எது? என்ன கிடைத்தால் சுகமாகிவிட்டேன் என்பீர்கள்? காரணம் ‘நாவூறு’ என்றோ ‘செய்வினை’ என்றோ நீங்கள் நினைத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டுச் சிரிப்பவர் உளவளத்துணையாளர் வேலைக்குப் பொருத்தமானவர் அல்ல.

காணாமற்போனவர் உள்ள வீடு

பண்பாடுகள் ஒன்றோடொன்று அதிகம் உரசுவது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு தாயின் மகன் காணாமற்போய் பல வருடங்கள் ஆகின்றன. உளவளத்துணையாளர் ஒரு பௌத்தர், அன்பானவர். “அவர் பேரில் ஒரு தானம் கொடுங்கள், மனம் இலேசாகும்” என்கிறார். அவருடைய பழக்கத்தில் உயிரோடு இருப்பவருக்காகவும் புண்ணிய காரியம் செய்யலாம், நோயாளியின் நலனுக்காகப் போதி பூசை செய்வது வழமை. ஆனால் அந்தத் தாயின் காதில் விழுவது வேறு. அவளுக்கு ஒருவரின் பேரில் சோறு கொடுப்பது என்றால் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம். ‘உன் மகன் செத்துவிட்டான்’ என்று முகத்துக்கு நேரே சொன்னது போல அவள் எழுந்து வந்துவிடுகிறாள். இருவரிலும் குற்றம் இல்லை. ஒரே சோறு இரண்டு வீடுகளில் இரண்டு பொருள் தருகிறது, அவ்வளவுதான்.

இப்படி நடந்தால் எழுந்து வருவதற்கு முன் ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள். “எங்கட வழக்கத்தில அது இறந்தவருக்குச் செய்யிறது, நான் அதுக்கு ஆயத்தமில்லை.” பெரும்பாலும் எதிரே இருப்பவருக்கு அது புதிய செய்தியாக இருக்கும், அவர் மன்னிப்புக் கேட்பார். உயிருள்ளவருக்குச் செய்வதாக உங்கள் சமயத்திலும் வழி இருக்கிறது. அர்ச்சனை செய்யும்போது அவருடைய நட்சத்திரத்தைச் சொல்லலாம், தேவாலயத்தில் திருப்பலிக் கருத்தாகக் கொடுக்கலாம், பள்ளிவாசலில் துஆக் கேட்கலாம். போர்க்காலத்தில் மட்டக்களப்புப் பகுதியில் எத்தனையோ தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவரிடம் போய் “பிள்ளை இருக்கிறானா?” என்று கேட்டார்கள். வேறு எங்கும் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி அது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எங்களுக்கு மனமில்லை.

மனைவிமாரின் நிலை இன்னும் சிக்கல். பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் ஒரு கதை. தாலியைக் கழற்றச் சொல்லவோ கட்டியிருக்கச் சொல்லவோ உளவளத்துணையாளருக்கும் உரிமை இல்லை, மாமியாருக்கும் இல்லை. அலுவலக விடயத்தில் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016இல் வந்த சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அதை எடுப்பது அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது, தேடலைக் கைவிடுவதும் ஆகாது. சொத்து, வங்கி, பிள்ளைகளின் அலுவல்களுக்கு அது உதவும்.

கோயிலும் கிளினிக்கும்

வெள்ளவத்தை மயூரபதி அம்மனிடம் போவதா, களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு எமது பதில்: இரண்டுக்கும் போங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் தேசிய வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவதிலும் தவறில்லை. நூல் கட்டுவது, திருநீறு போடுவது, ஓதிப் பார்ப்பது எதையும் நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பேராசிரியர் சோமசுந்தரம் போன்றவர்கள் பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சியாகவே அவரவர் சமயச் சொல்லை மூச்சோடு சேர்த்து மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லக் கற்பித்தார்கள். இந்துக்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு ‘சுப்ஹானல்லாஹ்’, பௌத்தர்களுக்கு ‘புத்தங் சரணங் கச்சாமி’. செலவில்லாதது, இன்றிரவே வீட்டில் செய்து பார்க்கலாம்.

ஆனால் வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது, பிறருக்குக் கேளாத குரல் கேட்கிறது, பிள்ளைகளுக்கு அடி விழுகிறது, காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிறது என்றால் நேர்த்தி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கட்டணம் இல்லை. ஒருவரை அறைக்குள் பூட்டி வைப்பதோ கட்டி வைப்பதோ வைத்தியம் அல்ல. குளிசை தந்தால், சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். விரத நாட்களிலும் நோன்பு மாதத்திலும் எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்ததைக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் பலர் நேரில் அறிவார்கள். முன்னைய இடப்பெயர்வின் நினைவுகள் அன்று திரும்பி வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. பழைய துயர் புதிய சத்தத்தில் எழும்புவது பலவீனம் அல்ல. எந்தச் சத்தம், எந்த மணம், எந்த வாகனம் உங்களை நடுங்க வைக்கிறது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

படிவம் நிரப்பும் பயம்

உளவளத்துணை அறையில் முதலில் வருவது ஒரு படிவம். பெயர், விலாசம், வீட்டில் யார் யார், முன்பு எங்கே இருந்தீர்கள். சிலருக்கு இங்கேயே கை நின்றுவிடும். 2007 யூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படப் பல இடங்களில் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு கொடுத்தது. அந்த அதிகாலையையோ பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்றதையோ அனுபவித்தவருக்கு, ‘முன்பு எங்கே இருந்தீர்கள்?’ என்பது சாதாரணக் கேள்வி அல்ல. ஆகவே பேனாவை எடுக்கும் முன் கேளுங்கள். இது எதற்கு, எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள்? நீங்கள் சொல்வதை உளவளத்துணையாளர் இரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். ஓர் உயிருக்கு ஆபத்து என்றாலோ பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றாலோ மட்டும் அவர் பிறருக்குச் சொல்ல வேண்டிவரும். இதைத் தொடக்கத்திலேயே விளக்குபவர் நல்லவர். விளக்காவிட்டால் கேளுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் எழுத விருப்பமில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம்.

இரண்டு மூன்று தடவை போயும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கலாம். அது அவரை அவமதிப்பதாகாது.

நேரில் போக முடியாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 1926 தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம். 1333 இலவச உளவளத்துணை இலக்கம். பெண்களுக்கு 1938, பிள்ளைகள் பற்றிய முறைப்பாட்டுக்கு 1929. 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பு கொழும்பு 7, ஹோட்டன் பிளேஸில் இருக்கிறது. எந்த இலக்கத்துக்கு எடுத்தாலும், மறுமுனையில் சிங்களத்தில் ஒரு குரல் கேட்டவுடன் வைத்துவிடாதீர்கள். “தெமள” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.